வருகைதரு யதார்த்தப் பேராசிரியர்

ஒரு பல்கலைக்கழகம் எதை வேண்டுமானாலும் கற்றுக்கொடுக்கலாம். கற்றுக்கொடுத்ததால் என்ன ஆயிற்று என்று யாரும் கேட்காதவரை கல்வி சிறப்பாகவே நடந்துகொண்டிருக்கும். கேட்டுவிட்டால்தான் வம்பு.

அந்தப் பல்கலைக்கழகத்தில் தொழில்முனைவுத் துறை என்று ஒன்று இருந்தது. இரண்டாவது மாடியில், படிக்கட்டை ஒட்டி மூன்று அறைகள். படித்து முடிக்கும் பிள்ளைகள் வேலை கேட்டு வாசல் வாசலாக அலையாமல், தாங்களே தொழில் தொடங்கி நாலு பேருக்கு வேலை கொடுக்க வேண்டும் என்பது அத்துறையின் உயரிய நோக்கம். இதைக் கற்பிக்கத் துறைத்தலைவர் ஒருவரும் விரிவுரையாளர்கள் இருவரும் மாதச் சம்பளத்துக்கு அமர்த்தப்பட்டிருந்தார்கள். மூவரில் ஒருவர்கூடத் தம் வாழ்நாளில் ஒரு பெட்டிக்கடை வைத்ததில்லை. அதை ஒரு குறையாக யாரும் நினைத்ததும் இல்லை.

விரிவுரையாளர்களில் ஒருவர் ஒரு வாக்கியம் விட்டு ஒரு வாக்கியம் 'முயற்சி' என்று சொல்வார். அதனால் மாணவர்கள் அவருக்கு 'முயற்சி மேடம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். மற்றவர் 'கொட்டாவி சார்'. மாணவர்கள் கொட்டாவி விடுவதால் வந்த பெயர் என்று நீங்கள் நினைக்கலாம். அவர்கள் எப்போதோ தூங்கியிருப்பார்கள்; விடுவது அவரேதான். இருவரும் ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கப்படும் ஒப்பந்தத்தில் இருந்தார்கள். துறையில் ஒரே ஒரு நிரந்தரப் பணியிடம் காலியாக இருந்தது. அது தமக்குத்தான் என்று மேடம் ஆறு வருடமாக நம்பிக்கொண்டிருந்தார். கணவர் ஓர் அச்சகத்தில் வேலை பார்த்தார். அந்த அச்சகம் எப்போது வேண்டுமானாலும் மூடப்படலாம். மேடத்தின் சம்பளத்தில்தான் வீட்டு அடுப்பு எரிந்தது. ஆகவே அந்த நிரந்தரம் அவருக்கு உயிர்.

இந்த நிலையில்தான் உயர்கல்வித் துறை ஒரு மதிப்பீட்டுக் குழுவை அமைத்தது. குழு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. தொழில்முனைவுக் கல்வி தொடங்குமுன் மாணவரின் தொழில் தொடங்கும் துணிவை நூற்றுக்கு இத்தனை என்று அளக்க வேண்டும். முடிந்த பின் மீண்டும் அளக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடே கல்வியின் பயனாகக் கொள்ளப்படும். இதில் தவறு காண யாராலும் முடியாது. யாரும் காணவும் இல்லை.

அளந்தார்கள். பள்ளியை முடித்துவிட்டு நேராக வந்த பிள்ளைகளின் துணிவு எண்பத்தொன்று. ஓராண்டு பாடம் முடிந்த பின் நாற்பத்தாறு.

காரணம் எளிது. மேடம் நேர்மையானவர். வரி, உரிமம், போட்டி, கூட்டாளி கைவிரிப்பது, பத்துத் தொழிலில் ஒன்பது ஏன் படுக்கிறது என்று எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் நடத்தினார். பிள்ளைகள் கவனமாகக் கேட்டார்கள். கேட்டுவிட்டு அரசுத் தேர்வுக்குப் படிக்கப் போனார்கள்.

குழுவிடமிருந்து பதில் வந்தது. "தங்கள் துறையின் கல்விப் பயன் பூச்சியத்துக்குக் கீழே முப்பத்தைந்து என்று அறிகிறோம். பாடமே நடத்தாதிருந்தால் பயன் பூச்சியமாக உயர்ந்திருக்கும் என்பதைச் சுட்டிக்காட்டுகிறோம். துறையை ஏன் மூடக்கூடாது என்பதற்கு அடுத்த ஆண்டு அளவீட்டின் மூலம் விளக்கமளிக்கவும்."

துறைத்தலைவர் அந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்தார். அவர் நிரந்தரப் பணியில் இருப்பவர். துறை போனாலும் அவரை நூலகத்துக்கோ தோட்டப் பராமரிப்புக்கோ மாற்றிவிடுவார்கள். இருந்தாலும் அறையில் குளிர்சாதனம் இருக்காது. மேடத்துக்கோ அறையும் இருக்காது, வேலையும் இருக்காது. அன்று அவர் பஸ்ஸில் தம் நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி நடந்து வந்தார்.

வீட்டில் கணவர் உற்சாகமாக உட்கார்ந்திருந்தார். அவருக்கு வருடத்துக்கு ஒரு முறை சொந்தத் தொழில் ஆசை வரும். எதிரே அவருடைய அப்பா, அதாவது மேடத்தின் மாமனார். இவர் தொழில் உரிமம் வழங்கும் அலுவலகத்தில் முகப்பு மேசையில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர். கடை திறக்க உரிமம் கேட்டு வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அவரிடம் ஐந்து நிமிடம் பேசிவிட்டு, உரிமம் வாங்காமலே, கும்பிட்டு நன்றி சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். அவர் குரலை உயர்த்தியதே கிடையாது.

"துணி தேய்க்கிற கடையா? ரொம்ப நல்ல யோசனைடா," என்றார் மாமனார். "மழை வந்தா?"

"மழைன்னா கொஞ்சம் கம்மியா இருக்கும்ப்பா."

"சரி, வெயில் வந்தா?"

"நல்லா ஓடும்."

"ஓடும். ஓடுறதைப் பாத்தா எதிர்ல இன்னொருத்தன் போடுவான்."

"போட்டா, நம்ம விலையைக் குறைக்கலாம்."

"குறைக்கலாம். குறைச்சா துணி நிறைய வரும். நிறைய வந்தா ஒண்ணு கருகும். கருகுறது எவன் சட்டையா இருக்கும்னு நினைக்கிற?"

கணவர் யோசித்தார். கருகும் சட்டை அவர் கண் முன்னால் வந்து நின்றது.

"நான் வேணாம்னு சொல்லலப்பா," என்று மாமனார் அன்பாகச் சொன்னார். "நீ தாராளமா செய். சும்மா சொன்னேன்."

கணவர் எழுந்துபோய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மறுநாள் காலை வழக்கம்போல் குளித்து, சாப்பிட்டு, அச்சகத்துக்குக் கிளம்பினார். வாசலில் செருப்பைத் தேடியபோது லேசாகச் சீட்டிகூட அடித்தார்.

மேடம் அந்தச் சீட்டியைக் கேட்டார். நேற்று ராத்திரி இந்த மனிதரை அளந்திருந்தால் பூச்சியம். இப்போது அளந்தால் குறைந்தது முப்பது. நடுவில் நடந்தது வெறும் தூக்கம். தூக்கத்துக்கே முப்பது என்றால் ஓராண்டுப் பாடத்துக்கு எவ்வளவு கிடைக்கும்? மேடம் அன்று பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுக்காமல் ஆட்டோ பிடித்துப் போனார்.

"சார், முடிவுல வர்ற மார்க்கை ஏத்தறது கஷ்டம்," என்று துறைத்தலைவரிடம் சொன்னார். "ஆரம்பத்துல வர்ற மார்க்கை இறக்கறது சுலபம்."

துறைத்தலைவர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். "இது நேர்மையா மேடம்?"

"மார்க்கை நாம தொடவே போறதில்ல சார். மாணவர்களைத்தான் தொடறோம்."

"அப்ப சரி," என்றார் துறைத்தலைவர். அவருக்குப் பெரிய பாரம் இறங்கியது.

ஒரு வாரத்தில் 'வருகைதரு யதார்த்தப் பேராசிரியர்' என்ற பதவி உருவாக்கப்பட்டு, மாமனார் நேர்காணலுக்கு அழைக்கப்பட்டார். பதிவாளர் அவருடைய கல்வித் தகுதியைக் கேட்டார். மாமனார் பதில் சொல்லாமல், இந்தப் பதிவாளர் பதவிக்கு வந்து எத்தனை காலம் ஆகிறது, அதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தீர்கள், அதுவே நன்றாக இருந்ததோ என்று பரிவோடு விசாரித்தார். பதிவாளர் அன்று மதியமே அரைநாள் விடுப்பு எடுத்து வீட்டுக்குப் போய்விட்டார். போகுமுன் நியமனத்தில் கையெழுத்துப் போட்டார். இவ்வளவு திறமையை நேரில் கண்ட பிறகு தகுதியைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?

புதிய மாணவர்களுக்கு முதல் மூன்று நாளும் மாமனாரின் வகுப்பு. அளவீடு அதற்குப் பிறகு. 'மாணவர் புதிய சூழலுக்குப் பழக அவகாசம் தேவை' என்று குழுவிடம் முறைப்படி அனுமதியும் வாங்கப்பட்டது. வண்ண மீன் வளர்க்கத் துடித்த ஒருவன், அவரிடம் பேசிவிட்டு, மீன்களுக்காக முதலில் வருத்தப்பட்டான், பிறகு தனக்காக. விசேஷ வீடுகளுக்கு நாற்காலி வாடகைக்கு விட நினைத்த பெண், மனிதர்கள் இனி நின்றுகொண்டே இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வியோடு வீடு திரும்பினாள். தொலைந்த பொருளைத் தேடித் தரும் செயலி ஒன்றை வைத்திருந்த பையன், தேடிக் கிடைத்த பொருள் பழையபடி இருக்குமா என்று எல்லாரையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

நான்காம் நாள் அளந்தார்கள். சராசரி ஒன்பது. ஒரு மாணவன் விடைத்தாளில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டான். அது தன் கையெழுத்துதானா என்ற நம்பிக்கை அவனுக்கு இல்லை.

அதற்குப் பிறகு மேடம் பழைய பாடத்தையே நடத்தினார். ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. எந்தப் பக்கமிருந்து வந்தாலும் பிள்ளைகளை நாற்பத்தாறில் கொண்டுவந்து நிறுத்துவது அந்தப் பாடத்தின் குணம். மேலிருந்து வந்தவர்கள் இறங்கினார்கள்; கீழிருந்து வந்தவர்கள் ஏறினார்கள். பயன் முப்பத்தேழு. மதிப்பீட்டின் வரலாற்றில் அப்படியொரு எண்ணை யாரும் பார்த்ததில்லை. வரலாறு தொடங்கி இரண்டு ஆண்டுதான் ஆகியிருந்தது என்பது வேறு விஷயம்.

குழுத் தலைவர் நேரில் வந்து பாராட்டினார். கிளம்பும்போது, நினைவு வந்தவராக, இந்தப் பிள்ளைகளில் எத்தனை பேர் தொழில் தொடங்கினார்கள் என்று கேட்டார். துறைத்தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, தொழில் தொடங்குவது புறநிகழ்வு, மனப்பான்மை மாற்றமே கல்விப் பயன் என்று எடுத்துரைத்தார். குழுத் தலைவர் நிம்மதியானார். தொழில்களை எண்ண வேண்டுமானால் வெயிலில் தெருத்தெருவாக அலைய வேண்டும். மனப்பான்மையை உட்கார்ந்த இடத்திலேயே எண்ணலாம்.

பிறகு 'தொடக்கத் தாழ்த்தல் முறை' பல்கலைக்கழகம் முழுவதும் பரவியது. நீச்சல் பயிற்சியாளர் புதிய மாணவர்களுக்கு முதல் வாரம் முழுக்க, தண்ணீரில் என்னவெல்லாம் நடக்கலாம் என்று விளக்கினார். இசைத்துறையில் பாடத் தெரிந்து வந்தவர்களைப் பாடவிட்டு, முகத்தைச் சுளித்தார்கள். சிற்றுண்டிச்சாலைக்காரர்கூட வாடிக்கையாளர் திருப்தியை உயர்த்தும் பொருட்டுப் பருவத்தின் முதல் வாரம் வெந்நீரை டீ என்று கொடுத்தார். இரண்டாம் வாரத்தில் பழைய டீயே திரும்பி வந்தபோது மாணவர்கள் கண்கலங்கக் குடித்தார்கள். எல்லாத் துறைக்கும் மாமனாரே ஆலோசகர். அவருக்குத் தனி அறை, வாசலில் பெயர்ப்பலகை, கூப்பிட்டால் வர ஓர் உதவியாளர். அடுத்து அவரை நிரந்தரமாக்கினார்கள். ஓய்வு பெற்றவரை எப்படி நிரந்தரமாக்குவது என்று ஆட்சேபம் எழுப்பிய கணக்குப் பிரிவு அலுவலரை மாமனாரின் அறைக்கே அனுப்பிவைத்தார்கள். அந்த அலுவலர் அதன் பிறகு எதைப் பற்றியும் ஆட்சேபம் எழுப்பவில்லை.

மேடத்துக்குப் பெருமைதான். மாமனாருக்குத் தினமும் மதியச் சாப்பாடு கட்டிக்கொண்டு போவது மட்டும் கூடுதல் வேலை. துறை பிழைத்துவிட்டது, காலியிடம் நிரப்பப்படப்போகிறது, முறையைக் கண்டுபிடித்ததே அவர்தான். கணவரிடம் புதிய திரைச்சீலைகூட வாங்கச் சொல்லிவிட்டார்.

இவ்வளவு நல்ல முறையை மாணவர்களோடு நிறுத்துவானேன் என்று துணைவேந்தருக்குத் தோன்றியது அப்போதுதான். இனி ஆசிரியர்களின் பணி நிரந்தரமும் அதே அடிப்படையில் என்று ஆணை வந்தது. சேர்ந்த ஆண்டில் மாணவர்கள் கொடுத்த மதிப்பெண், இப்போது கொடுக்கும் மதிப்பெண், இரண்டுக்கும் உள்ள வேறுபாடு.

துறைத்தலைவர் மேடத்தை அறைக்கு அழைத்து, உட்காரச் சொன்னார். அவர் உட்காரச் சொல்வது நல்ல செய்திக்கு அல்ல.

"நீங்க சேரும்போது தொண்ணூறு. இப்பவும் தொண்ணூறு. வளர்ச்சி இல்ல மேடம்."

"தொண்ணூறுக்கு மேல எங்க சார் வளர்றது?"

"கொட்டாவி சாரைப் பாருங்க. பதினொண்ணுல ஆரம்பிச்சாரு. இன்னிக்கு முப்பத்தி நாலு. மனுஷன் எப்படி உழைச்சிருக்கணும்."

"இப்பவும் அவர் வகுப்புல தூங்கறாங்க சார்."

"தூங்கறாங்க. ஆனா குறட்டை நின்னுடுச்சு." துறைத்தலைவர் உண்மையான வருத்தத்தோடு பெருமூச்சு விட்டார். "நீங்க சேரும்போதே கொஞ்சம் மோசமா இருந்திருக்கலாம் மேடம். யாரும் சொல்லித்தரலையா?"

பணியிடம் கொட்டாவி சாருக்குப் போயிற்று. வளர்ச்சியற்ற ஆசிரியரின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க விதியில் இடமில்லாததால் மேடம் வீட்டுக்குப் போனார். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு அழுதார். துக்கத்தைவிட அவமானம்தான் அதிகமாக இருந்தது. கத்தியைத் தீட்டிக் கொடுத்ததே தாம்தான் என்பதை யாரிடம் போய்ச் சொல்வது?

இரண்டு நாள் கழித்து, பழைய கைப்பையைத் தூக்கிப் போட மனமில்லாமல், கடையில் ஒரு ஜிப் வாங்கிவந்து தாமே பிரித்துத் தைத்தார். நன்றாக வந்தது. பல்கலைக்கழகத்தில் ஆயிரக்கணக்கான பைகள் ஜிப் பிய்ந்து, ஊக்கு குத்தி, வாய் பிளந்து அலைவது அவருக்கு நினைவு வந்தது. சாப்பிட உட்கார்ந்த மாமனாரிடம் மெதுவாகச் சொன்னார்.

"மாமா, கேட் எதிர்ல ஜிப் மாத்தித் தர்ற கடை ஒண்ணு போடலாம்னு இருக்கேன்."

மாமனாரின் கண் பளபளத்தது. "ஜிப்பா? ரொம்ப நல்ல யோசனைம்மா," என்று ஆரம்பித்தார். சட்டென்று வாயை மூடிக்கொண்டார். முகம் சிவந்தது. தண்ணீர் குடித்தார். தட்டை இப்படியும் அப்படியும் நகர்த்தினார்.

"என்ன மாமா?"

"இல்லம்மா. நிரந்தரம் பண்ணும்போது ஒரு நிபந்தனை போட்டுட்டாங்க. வெளியாளுங்களுக்குத் தனியா யோசனை சொல்லக்கூடாது. காசு வாங்குனாலும் தப்பு, வாங்காட்டியும் தப்பு. நீ இப்ப பல்கலைக்கழகத்துல இல்ல பாரு."

அன்று முழுவதும் அவர் தாடையைக் கையால் பிடித்துக்கொண்டு கூடத்தில் நடந்தார். நூறு கேள்வி அவருக்குள் முட்டி மோதியது. ஓய்வூதியத்துக்கு மேல் வரும் சம்பளத்தை இழக்க மனமில்லாமல் ஒன்றைக்கூட வெளியே விடவில்லை. அந்த வீட்டில் முதல் தடவையாக ஒரு யோசனை ராத்திரி முழுக்க யாரும் எதுவும் சொல்லாமல் உயிரோடு இருந்தது. விடிந்ததும் மேடம் போய் இடம் பார்த்துவிட்டு வந்தார். கணவர் அச்சகத்தில் கடைக்குப் பெயர்ப்பலகை அடித்துக் கொடுத்தார்.

கடை ஓடியது. மழையிலும் ஓடியது, வெயிலிலும் ஓடியது. ஜிப் என்பது பருவம் பார்த்துப் பிய்வதில்லை.

மறு ஆண்டு மதிப்பீட்டில் 'தொழில் தொடங்கியோர்' என்ற இடத்தில் இத்தனை காலம் கோடு போட்டுவந்த துறைத்தலைவர், பெருமிதத்தோடு 'ஒருவர்' என்று எழுதினார். குழுத் தலைவர் புகைப்படக்காரரோடு கடைக்கு ஓடிவந்தார். தொழில்முனைவுத் துறையிலிருந்து வெளியே வந்து உண்மையிலேயே தொழில் நடத்தும் ஒரு ஜீவனை அவர் அப்போதுதான் பார்க்கிறார். மேடத்தைச் சுற்றி நடந்து பார்த்தார்.

"இதைத் தொடங்க உங்களுக்குப் பல்கலைக்கழகம் எந்த வகையில உதவுச்சும்மா?"

"வேலையை விட்டு நிறுத்துனாங்க சார்."

குழுத் தலைவர் அப்படியே நின்றார். ஒரு பெரிய உண்மை தம்மைத் தொட்டுவிட்டதை அவர் முகம் காட்டியது. பாடம் நடத்தப்பட்டவர்கள் அத்தனை பேரில் தொழில் தொடங்கியவர் ஒருவரும் இல்லை. வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவர் ஒரே ஒருவர். அந்த ஒருவர் தொடங்கிவிட்டார். நூற்றுக்கு நூறு. பாடத்துக்குக் கட்டடம் வேண்டும், மின்விசிறி வேண்டும், சுண்ணக்கட்டி வேண்டும். நிறுத்துவதற்கு ஒரு கையெழுத்து போதும்.

அடுத்த மாதமே ஆணை வந்தது. தொழில்முனைவுக் கல்வியின் மிகப் பயனுள்ள பகுதி பணிநீக்கமே எனக் கண்டறியப்பட்டிருப்பதால், முன்னோடித் திட்டமாகப் பல்கலைக்கழகம் முழுவதிலும் பன்னிரண்டு ஆசிரியர்கள் இந்தப் பயனை அடைவார்கள் என்றது ஆணை. துறைத்தலைவர் அதை வரவேற்று ஒரு கூட்டம் நடத்தினார். பயனாளிகளின் பெயர்களைத் தாமே மேடையில் வாசித்தார். ஏழாவது பெயர் வரும்வரை குரல் கணீரென்று இருந்தது.

மறு வாரம் அவர் ஜிப் கடைக்கு வந்து, வெயிலுக்கு ஒதுங்கியவர்போல் ஓரமாக நின்றார். மேடம் ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.

"என்ன தொழில் சார் தொடங்கப் போறீங்க?"

"ஐயோ, எனக்கு அதெல்லாம் பயம் மேடம்," என்றார் துறைத்தலைவர். "இங்க ஏதாவது வேலை இருக்குமா? மாசச் சம்பளமா இருந்தா நல்லா இருக்கும்."

மேடம் பதில் சொல்வதற்குள் ஒரு பெண் ஓடிவந்து தன் பையைப் பலகையில் வைத்தாள். இரண்டு வருடத்துக்கு முன் மேடத்திடம் படித்து முடித்தவள். அவளுக்குப் பின்னால் கேட்டிலிருந்து கடை வரைக்கும் ஒரே கூட்டம். எல்லாம் தெரிந்த முகங்கள். துறையில் படித்து வெளியேறிய பிள்ளைகள் அத்தனை பேரும் கழுத்துப்பட்டியும் இஸ்திரி மடிப்புமாக வெயிலில் நின்றார்கள்.

"சீக்கிரம் போட்டுக் குடுங்க மேடம். சர்டிபிகேட்டெல்லாம் உள்ள இருக்கு. இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டுட்டு இருக்காங்க."

"எந்த வேலைக்கும்மா?"

"உங்க டிபார்ட்மெண்ட்லதான் மேடம். தொழில்முனைவு விரிவுரையாளர். எல்லா டிபார்ட்மெண்டும் சேத்துப் பன்னெண்டு இடம் காலியாம்."

மேடத்துக்குச் சிரிப்பும் வந்தது, நெஞ்சும் வலித்தது. ஆனாலும் பெற்ற பிள்ளைபோல் நின்ற அந்தப் பெண்ணைத் தம்மைப் போல் ஏமாற விட மனம் வரவில்லை. ஜிப்பின் பிடியைக் குறடால் நெருக்கிக்கொண்டே குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "வேலை கிடைச்சா, போன உடனே நல்லா நடத்திக் காட்டிடாதே. முதல் வருஷம் எதுவும் தெரியாத மாதிரி உளறு. அப்பதான் நிரந்தரம் ஆகும்."

"அந்தக் கவலையே வேணாம் மேடம்," என்றாள் அந்தப் பெண், பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு. "எனக்கு நிஜமாவே எதுவும் தெரியாது. உங்ககிட்டதானே படிச்சேன்."

அவளுக்கு அன்றே வேலை கிடைத்தது.